ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வரும் பிள்ளைகள்

2023-24 கல்வியாண்டு முடிந்த கையோடு, எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மேசைமேல் விரித்து, ஜூன் பக்கத்தையும் ஏப்ரல் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூனில் 31 பெயர்கள். ஏப்ரலில் 34. மூன்று பேர் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். பெயர் பெயராக விரல் வைத்துப் பார்த்தபோதுதான் நெஞ்சில் உறைத்தது. ஜூனில் இருந்த 31 பேரில் 12 பேர் இப்போது இல்லை. இப்போது இருக்கும் 34 பேரில் 15 பேர் ஜூனில் இல்லை. இரண்டு பக்கத்திலும் இருக்கும் பிள்ளைகள் 19 பேர் மட்டும்.

நான் திருப்பூரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளியைச் சுற்றிலும் பனியன் கம்பெனிகள். இந்தப் பக்கம் கட்டிங், அந்தப் பக்கம் பிரிண்டிங், பின்புறச் சந்தில் லைன் வீடுகள். என் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் தையல், செக்கிங், பேக்கிங், அயர்னிங் என்று ஏதாவது ஒன்றில் இருக்கிறார்கள். தேனி, உசிலம்பட்டி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து தலைமுறையாகத் தங்கிவிட்டவர்கள் ஒரு பங்கு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பங்கு. இந்த இரண்டாம் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது.

ஒரு தொடக்கப் பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்டால் எல்லோரும் அடைவு நிலையைப் பார்ப்பார்கள். யார் படிக்கிறார்கள் என்பது தனிப் படிவமாக, சாதி, பால், மொழி, மாற்றுத்திறன் என்று கட்டம் கட்டமாக, வேறொரு கோப்பில் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க எனக்கே ஏழு ஆண்டுகள் பிடித்தன. நகரத்துப் பள்ளியில் வேலை செய்கிறவர்களுக்கும், நகரத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப்போகிறவர்களுக்கும் பயன்படும் என்று நினைப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு கல்வி அதிகாரிகளின் மீளாய்வுக் கூட்டத்தில் எங்கள் பள்ளியின் எண்ணிக்கை திரையில் வந்தது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்போம். ஒன்றாம் வகுப்புத் திறன் அளவில் இருப்பவர் அரும்பு, இரண்டாம் வகுப்பு மொட்டு, மூன்றாம் வகுப்பு மலர். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2022 ஜூனில் இந்தத் திட்டம் வந்தது. நல்ல திட்டம், பிள்ளையை வயதால் அளக்காமல் நிலையால் அளக்கிறது. ஆனால் திரையில் வந்தது ஒரே ஒரு வரி: மூன்றாம் வகுப்பு, தமிழ், 34 பேரில் மலர் நிலை 20. பத்துக்கு ஆறு என்ற கணக்கு. பக்கத்து வட்டாரத்தில் ஒரு பள்ளி பத்துக்கு எட்டு. “அங்கே முடிகிறது, உங்களால் ஏன் முடியவில்லை?” என்று கேட்டார்கள்.

எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. வகுப்பாசிரியை என் அருகில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சிவப்புக் கட்டம் போட்ட நோட்டும் கையுமாக ஒரு பிள்ளையை மடியருகே நிறுத்தி எழுத வைப்பவர் அவர். அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பதிவேட்டை எடுத்தேன்.

பெயர்களைப் பிரித்து எழுதினேன். ஆண்டு முழுதும் எங்களிடம் இருந்த 19 பேரில் மலர் நிலையில் 16 பேர். தீபாவளிக்கு முன்னால் வந்து சேர்ந்த 9 பேரில் 4 பேர் மலர், 4 பேர் மொட்டு, ஒருவர் அரும்பு. தீபாவளிக்குப் பிறகு வந்த 6 பேரில் ஒருவர் மொட்டு, மற்ற 5 பேரும் அரும்பு. அதாவது எங்கள் கையில் முழு ஆண்டு கிடைத்த பிள்ளைகள் பத்துக்கு எட்டுக்கு மேலேயே நின்றிருக்கிறார்கள். எங்களிடம் தமிழ் படித்து மலர் நிலைக்கு வந்துவிட்டு டிசம்பரில் வேறு ஊருக்குப் போன பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் எங்கள் பெயரில் இல்லை. அவர்கள் உழைப்பும் அந்த ஆசிரியையின் உழைப்பும் வேறு யாருடைய வரியிலோ சேர்ந்துவிட்டன. சேரட்டும், பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

ஏன் ஆண்டின் நடுவில் இவ்வளவு போக்குவரத்து? திருப்பூரில் இருந்தால் கேட்கவே வேண்டாம். தீபாவளிக்குப் போனஸ் கைக்கு வரும். வந்ததும் கம்பெனி மாறுவார்கள். கம்பெனி மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் பள்ளி மாறும். ஒடிசாக்காரர்கள் ஊரில் நடவு முடித்து வருவார்கள், அறுப்புக்குப் போவார்கள். ஆர்டர் குறைந்தால் ஒரு லைன் வீடு முழுக்க ஒரே வாரத்தில் காலியாகும். 2020-இல் ரயில் ஏறிப் போன குடும்பங்களில் பாதி திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டே தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் புதிதாக வந்து நின்றார்கள். ஒரே கட்டடம், ஒரே பெயர்ப்பலகை. உள்ளே இருக்கும் பிள்ளைகள் வேறு.

அரசு நிர்வாகமோ ஆகஸ்ட் 1 நிலவரத்தைப் பார்க்கிறது. அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று 118 பேர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 91 முதல் 120 வரை நான்கு ஆசிரியர்கள். டிசம்பரில் 137 ஆனோம். 120-ஐத் தாண்டினால் ஐந்து ஆசிரியர்கள் வேண்டும் என்பது அதே அட்டவணை. ஆனால் ஆகஸ்ட் முடிந்துவிட்டது. என்னையும் சேர்த்து நான்கு பேரும் ஐந்து வகுப்பைப் பார்த்தோம். கூடுதல் ஆசிரியர் பணியிடம் கேட்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று சொல்கிறேன்: மாதம்தோறும் கடைசி வேலை நாளின் எண்ணிக்கையை, வந்தவர் போனவர் தனித்தனியாக, ஒரே தாளில் எழுதி எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாயால் சொன்னதற்கு ஒரு பலனும் இல்லை. மூன்று ஆண்டுத் தாள்களை ஒன்றாக வைத்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு ஒரு தற்காலிக ஆசிரியை கிடைத்தார்.

இப்போது அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கே அவள்தான் காரணம்.

2023 நவம்பர் கடைசியில், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தாய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். எட்டு வயது. மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆதாரில் பெயர் ஒரு விதமாகவும் தாய் சொன்னது ஒரு விதமாகவும் இருந்தது. சட்டத்தின் 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 5-ஆம் பிரிவு மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லாததற்காக மறுக்கக் கூடாது என்பது 14-ஆம் பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் சொல்லிவிட்டது. இவற்றை ஒரு தாளில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளி மாநிலப் பெற்றோர் தயங்கி நிற்கும்போது அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சேர்க்கைப் படிவத்தை எடுப்பேன். அவளை மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.

வகுப்பாசிரியை முறைப்படி மதிப்பிட்டார். தமிழ் அரும்பு, ஆங்கிலம் அரும்பு, கணக்கு அரும்பு. நானும் பார்த்து ஒப்பமிட்டேன். வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. கணக்குத் தாளில் ஒரு விடையும் எழுதவில்லை. “மெல்லக் கற்கும் பிள்ளை” என்று என் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த வரியை நான் அடிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஜனவரியில் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. அவள் திங்கட்கிழமைதோறும் வரவில்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளும் விடவில்லை. நாள் வாரியாக வருகையைப் பார்க்கும் வழக்கம் அதுவரை எங்களுக்கு இல்லை. மாத விழுக்காடுதான் பார்ப்போம். அந்த ஞாயிறு மாலை லைன் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் தையல் முடிந்த பனியன் துணிகள் ஒரு குவியல். அவளும் தாயும் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நூல் முனையைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி அடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலையை வாங்கி வருவார்கள், திங்கள் மதியத்துக்குள் கட்டிக் கொடுக்க வேண்டும். பீஸ் கணக்கில் காசு.

கட்டுகளை எண்ணியது அவள். ஒவ்வொரு கட்டின்மீதும் கையை வைத்து அவள் மொழியில் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டில் எங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனும் ஒடிசா, தமிழும் நன்றாக வரும். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். “பன்னிரண்டு, இருபத்து நான்கு, முப்பத்தாறு சொல்கிறாள் டீச்சர்” என்றான். ஏழாவது கட்டில் நின்றாள். எண்பத்து நான்கு வர வேண்டும், ஒரு கட்டில் ஒன்று குறைகிறது, எண்பத்து மூன்றுதான் இருக்கிறது என்று தாயிடம் சொல்லி, அந்தக் கட்டைத் தனியே எடுத்து வைத்தாள். அவிழ்த்து எண்ணினார்கள். பதினொன்றுதான் இருந்தது. கட்டின் தடிமனைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

கணக்கு அரும்பு என்று ஒப்பமிட்ட கை என்னுடையது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாயிடம் பேசினேன். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து இரவில் பிசிறு வெட்டுகிற தாயிடம், பிள்ளையை வேலை செய்ய விடாதீர்கள் என்று சட்டம் பேசுவது எளிது. நான் பேசத்தான் செய்தேன். பேசாமல் வந்தால் நான் ஆசிரியை அல்ல. ஆனால் வெறும் கண்டிப்போடு நிறுத்தவில்லை. வாங்கும் கட்டைக் குறைத்து, ஞாயிறு மாலையோடு முடித்துக்கொள்ளவும், பிள்ளை கையில் கத்தரி கொடுக்காமல் இருக்கவும் கேட்டேன். திங்கள் காலையில் பள்ளிக்கு வந்தால் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் முட்டையும் கிடைக்கும் என்பதையும் சொன்னேன். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு வந்துவிட்டது. பெற்றோர் ஏழரைக்கே கம்பெனிக்குக் கிளம்பும் ஊரில் அதன் அருமை எங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு, பத்தரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்காரும் பிள்ளை வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். இப்போது அந்தக் காட்சி இல்லை. அவள் அடுத்த திங்களிலிருந்து வந்தாள், பெரும்பாலும்.

மறுநாள் வகுப்பில் சாக்பீஸ்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக ரப்பர் பேண்ட் போட்டு அவள் முன் வைத்தேன். அந்த ஐந்தாம் வகுப்புப் பையனை அருகில் நிறுத்தி, கேள்வியை அவள் மொழியில் சொல்லச் சொன்னேன். பெருக்கல், கழித்தல், சமமாகப் பங்கிடுதல் எல்லாம் வந்தன. எண்ணுருக்களைத் தமிழ்நாட்டில் எழுதுவதுபோல எழுத அவளுக்கு நான்கு நாள் போதுமாக இருந்தது. கணக்கில் அவள் மலர். தமிழில் அரும்பு. மீளாய்வுத் திரையில் சிவப்பாக இருந்த அந்த ஐந்து அரும்புகளில் ஒருத்தி அவள்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்துவரும் மாற்றங்களைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

சேர்க்கை நாளிலேயே அந்த நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். வீட்டில் பேசும் மொழி, இதற்கு முன் பள்ளிக்குப் போனதுண்டா, எந்த மொழியில் படித்தது, வந்த தேதி, வந்த அன்று எந்த நிலை. இந்தக் கடைசி இரண்டும் முக்கியம். வந்த அன்று எங்கே நின்றது என்று எழுதி வைக்காவிட்டால், போகும்போது எவ்வளவு தூரம் நடந்தது என்று யாருக்கும் காட்ட முடியாது. பிள்ளைகளின் விவரங்களைப் பதியும் அரசின் இணையப் பதிவேடான எமிஸில் தேதி இருக்கும். நிலையும் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. வாசிப்பை அளக்க நாங்கள் ஐந்து நிமிடம்தான் எடுக்கிறோம்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் ஆய்வில் 2005 முதல் வீடு வீடாகப் போய்க் கேட்பது இதே ஏணியைத்தான். அந்த ஆய்வு கிராமங்களுக்கு மட்டுமே போகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. நகரத்துச் சந்துகளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் அப்படியொரு கணக்கெடுப்பு எங்களுக்கு இருந்தால் எத்தனையோ பேச்சு மாறும்.

கணக்கை எந்த மொழியிலும் கேட்கலாம் என்று வகுப்பாசிரியர்கள் எல்லோரும் முடிவு செய்தோம். ஒடியாவும் இந்தியும் எங்களில் யாருக்கும் வராது. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மொழி பேசும் பிள்ளை ஒருவராவது இருக்கிறார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். அந்தப் பிள்ளைக்கும் முகத்தில் ஒரு களை வருகிறது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த ஒரு பெண் லைன் வீட்டிலேயே குடியிருக்கிறார். கம்பெனியில் சூப்பர்வைசரோடு பேசிப் பேசி இந்தி பழகியவர். பெற்றோரிடம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் முதலில் அவரைத்தான் அழைப்போம்.

தமிழ் கற்பிப்பதில் நான் கண்டுகொண்ட ஒன்று உண்டு. பயிற்சிகளில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளி மாநிலப் பிள்ளை என்றதும் எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டு ‘அ, ஆ’விலிருந்து தொடங்கினோம். ஊரில் ஒரு வருடமாவது பள்ளிக்குப் போன பிள்ளைக்கு, மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்ற கருத்து ஏற்கெனவே தெரியும். ஒடியாவும் தேவநாகரியும் அப்படித்தான் இயங்குகின்றன. ‘கா’வை நீங்கள் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை, குறி எது என்று காட்டினால் போதும். இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், ‘கெ’யில் கொம்பு முன்னால் வருவதும் ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி வருவதும் ஒடியா எழுத்திலும் உண்டு. அதனால் ஒடியாப் பிள்ளை அங்கே தடுக்குவதில்லை. இந்தி எழுத்தில் ஏகாரக் குறி மேலே, ஓகாரக் குறி பின்னால்; அந்தப் பிள்ளை ‘கொம்பு’ என்று எழுதச் சொன்னால் கொம்பையே விட்டுவிடும். நான் இதைப் பிள்ளைகளின் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கண்டேன். இந்திப் பிள்ளைகள் கேட்கும் இன்னொரு கேள்வி, ‘க’ ஒன்றுதானா, மற்ற மூன்று எங்கே என்பது. ஒரே எழுத்து சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்று முதல் வாரத்திலேயே காட்டிவிட வேண்டும். கல், அகம், தங்கம் என்ற மூன்று சொற்களை வாயால் சொல்ல வைத்தாலே பிடித்துக்கொள்கிறார்கள். ‘ழ’வுக்கு மட்டும் பொறுமை வேண்டும், அது எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வேண்டியதுதான்.

சீருடை ஒரு தொல்லை. கணக்கெடுப்புக்குப் பிறகு வரும் பிள்ளைக்கு உடனே கிடைக்காது. வண்ணச் சட்டையோடு நிற்கும் பிள்ளை, தான் இந்தப் பள்ளிக்கு விருந்தாளி என்றே நினைக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளிடம் நல்ல நிலையில் உள்ள சீருடைகளைக் கேட்டு வாங்கித் துவைத்து ஒரு பீரோவில் வைத்திருக்கிறோம். பனியன் ஊராயிற்றே, தையல் பிரித்து அளவு பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. சேர்ந்த மறுநாளே சீருடை. வருகையில் இதனால் வந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்க்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வரும். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஷிப்ட்டை விட்டுவிட்டு எந்தத் தையல்காரர் வருவார்? அந்தக் கூட்டத்தை அதற்குரிய நாளில் நடத்துகிறோம். கூடவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சந்தைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கும்படி ஒரு சந்திப்பு. பத்து நிமிடம்தான். “ஊருக்குப் போவதானால் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்” என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்கிறேன். முன்பு பத்துக் குடும்பத்தில் ஒன்றுகூடச் சொல்லாமல்தான் போகும். இப்போது பாதிப் பேராவது சொல்கிறார்கள்.

சொல்லாமல் போன பிள்ளைகளை எமிஸில் காமன் பூலுக்கு, அதாவது அடுத்த பள்ளி எடுத்துக்கொள்வதற்கான பொதுத் தொகுப்புக்கு, அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று தலைமையாசிரியர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரியாகிவிடுவார், பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை வேறெங்கோ ஒரு பள்ளி வாசலில் நிற்கும்போது, அதன் எண் நம்மிடம் பூட்டிக் கிடந்தால், அங்கே பாடப்புத்தகம் முதல் எல்லாம் தாமதமாகும். விடுவதற்கு முன் ஒரு நடை அதன் வீட்டுக்குப் போய், உண்மையிலேயே குடும்பம் கிளம்பிவிட்டதா, பிள்ளை மட்டும் வேலையில் நிற்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

பெற்றோருக்கும் சில வார்த்தைகள். கையில் கொஞ்சம் வசதி உள்ளவர்களும் ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரிந்தவர்களும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் உரிமை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பள்ளிகளின் தேர்ச்சியை ஒப்பிடும்போது, ஒரு பள்ளிக்கு வரும் பிள்ளை வீட்டில் தமிழ்ப் பத்திரிகை பார்த்து வளர்ந்தது, இன்னொரு பள்ளிக்கு வரும் பிள்ளை நேற்று ரயிலிலிருந்து இறங்கியது என்பதை நினைவில் வையுங்கள். பள்ளியைப் பார்க்க வந்தால் விழுக்காட்டைக் கேட்காதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்து வரை இங்கேயே இருந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். நடு ஆண்டில் வந்த பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அதற்கு உடனே, விவரமாகப் பதில் சொல்லும் பள்ளியில் உங்கள் பிள்ளையையும் கவனிப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியை, ஒரு பஸ் டிக்கெட்டையோ மளிகைக் கடை நோட்டீசையோ வாசிக்கச் சொல்லுங்கள். எந்த நல்ல ஆசிரியரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வெளி மாநிலப் பிள்ளைகள் இருந்தால் என் பிள்ளைக்குத் தமிழ் கெட்டுவிடுமா என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டார். அவர் மகளை, இரண்டாம் வகுப்பில், பீகார்ச் சிறுவன் ஒருவனுக்குத் துணையாக உட்கார வைத்திருந்தோம். ‘குதிரை’யை அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அவள் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி, பிரித்து, வாக்கியத்தில் வைத்து, படம் போட்டுக் காட்டியதை அவருக்கு ஜன்னல் வழியாகக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மகளை வேறு பள்ளிக்கு மாற்றவில்லை.

அடுத்த ஆண்டு மீளாய்வில் நான் ஒரே ஒரு தாள் கொண்டுபோனேன். மூன்று பத்தி: ஆண்டு முழுதும் இருந்தவர்கள், நடுவில் வந்தவர்கள் வந்த நிலையும் இப்போதைய நிலையும், போனவர்கள் போகும்போது இருந்த நிலை. கேள்வி கேட்டவர் தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். மற்றப் பள்ளிகளும் இப்படி எழுதிக் கொண்டுவரட்டும் என்றார். என் அருகில் இருந்த வகுப்பாசிரியை இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சிறுமி 2024 கோடை விடுமுறையில் போய்விட்டாள். சொல்லாமல் போன பாதியில் அவள் குடும்பமும் ஒன்று. ஜூனில் நான் போய்ப் பார்த்தபோது லைன் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. அவள் எண்ணைக் காமன் பூலுக்கு விட்டேன். ஜூலை இரண்டாம் வாரம் பெருந்துறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து தலைமையாசிரியர் ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். நான்காம் வகுப்பில் சேர்த்திருப்பதாகவும், எமிஸ் எண் கிடைத்துவிட்டதாகவும், பிறந்த தேதியை மட்டும் சரிபார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, “பிள்ளை பேசவே மாட்டேன் என்கிறதே டீச்சர், உங்களிடம் எப்படி இருந்தது?” என்று கேட்டார்.

கொஞ்சம் இருங்கள் சார் என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்து அவள் பக்கத்தைப் பிரித்தேன். தமிழில் இரண்டெழுத்துச் சொற்கள் வாசிப்பாள், கொம்பு வைப்பதில் பிழை வராது, திங்கட்கிழமை வராவிட்டால் உடனே வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். கணக்கு எப்படி என்றார்.

“ஒரு டஜன் சாக்பீஸ் எடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள் சார்” என்றேன்.